தம்பி படிக்க எழுதிய பலகைகள்

"ஞாயித்துக்கிழமை சினிமாவுக்குப் போனியாமே?" என்று கேட்டார் ஆரின் ஹாஸ்கெட்.

மதிய உணவு நேரம். எங்கள் கார்ட்டூன் ஸ்டுடியோவின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, பீன்ஸ் வைத்துச் சுருட்டிய டோர்ட்டியாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு படி கீழே நின்றார். கழுத்து டையைச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகியிருந்தார். மையில் தோயாமல் இருக்க எப்போதும் அப்படித்தான்.

"ஆமா, மிஸ்டர் ஹாஸ்கெட்."

"எங்க?"

"பிராட்வேல."

"அங்கல்லாம் முள்ளம்பன்றி கார்ட்டூன்தானே போடுவாங்க."

"போட்டாங்க."

அவர் தன் முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தார். சாப்பிடவில்லை.

"படத்துல கடைத்தெரு வந்துச்சா?"

"வந்துச்சு. முள்ளம்பன்றி ஓடும், பின்னால கடையெல்லாம் நகரும்."

"பலகைங்களைப் படிச்சியா?"

"படிச்சேன்."

"அவ்வளவு வேகமா ஓடுற காட்சில?"

"எனக்கு அது பழக்கம்."

"அப்ப சொல்லு."

"ஒரு சலூன். ஒரு அடகுக் கடை. அப்புறம் ஒரு ஷூ பாலிஷ் கடை."

"ஷூ பாலிஷ் கடையில என்ன எழுதியிருந்துச்சு?"

நான் கையிலிருந்த டோர்ட்டியாவைப் பார்த்தேன்.

"சொல்லும்மா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"'ஆரின் ஷூ பாலிஷ். முதலாளிகளின் காலுக்குத் தனிக் கவனம்.'"

அவர் தலையாட்டினார். முகத்தில் கோபம் இல்லை. "ஆரின்ல 'ஆர்' எழுத்து வருதே, அதோட கால் எப்படி இருந்துச்சு? நேரா நின்னுச்சா, உதைச்சுதா?"

"உதைச்சுது."

"எவ்வளவு?"

அந்த ஆங்கில R எழுத்தின் சாய்ந்த காலைப் படிக்கட்டின் தூசியில் விரலால் வரைந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"அவன்தான்" என்றார். பிறகு, "எழுத்துங்களுக்கு நடுவுல இடைவெளி?" என்று கேட்டார்.

"அதை நான் கவனிக்கல."

"நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, சாண்ட்விச்சை மறுபடியும் தாளில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

ஸ்டுடியோவில் சேர்ந்து மாதக்கணக்கில் ஆகியும், அதுவரை அவர் என்னிடம் பேசியது இரண்டு வார்த்தைக்கு மேல் இருக்காது. நானும் பேசுகிறவள் அல்ல. பலகை படிக்கும் பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. வீட்டில் ஸ்பானிஷ், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். நாங்கள் குடியிருந்த பாயில் ஹைட்ஸிலிருந்து அம்மாவோடு டிராமில் போகும்போது, வழியில் வரும் கடைப் பலகைகளையெல்லாம் அவளுக்கு ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். டிராம் நமக்காக நிற்காது. அதனால் ஓடும் எழுத்தைப் படிக்கக் கண் பழகிவிட்டது.

அன்று மாலை கையுறையைக் கழற்றும்போது தெல்மா பிடித்துக்கொண்டாள். எங்கள் வண்ணப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. மின்விசிறிகளின் இரைச்சலை மீறிக் கேட்கும் குரல்.

"என்னடி ஓல்கின், ஆரின் உன்கிட்ட வாயைத் திறந்தாராமே? என்கிட்ட குட் மார்னிங் சொல்றதுக்கே கூலி கேப்பாரு."

"பலகை பத்திக் கேட்டாரு."

"வேற என்னத்தைக் கேப்பாரு. முள்ளம்பன்றிப் படத்துக்கெல்லாம் எழுதறது அவர் தம்பி, லைல். அண்ணன் தம்பி சண்டை. ஊரே பார்க்க நடக்குது, ஊருக்குத் தெரியாது."

ஆரின் ஹாஸ்கெட் எங்கள் ஸ்டுடியோவின் எழுத்துக்காரர். கார்ட்டூனில் பெயர் அட்டை, கடைப் பலகை, டப்பா மேல் ஒட்டிய லேபிள், பத்திரிகைத் தலைப்பு, ஓடிக்கொண்டிருக்கும் விலங்கு திடீரென்று முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்து நீட்டும் சின்ன அட்டை என்று எதில் எழுத்து வந்தாலும் அது அவர் கைதான். படம் தொடங்கும்போது வரும் பெயர்களில் அவர் பெயர் இருக்காது. அந்தப் பெயர்களை எழுதியவர் மட்டும் அவர். அட்டைகளைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் எழுதிக் கேமராவில் படம் எடுத்ததும், கீழே கழுவும் அறையில் அந்தத் தாளைக் கழுவி மறுபடியும் அவர் மேசைக்கே அனுப்பிவிடுவார்கள்.

அவர் பிறந்தது ஃபிரெஸ்னோவில். அப்பா பலகை எழுதுபவர். உலர்திராட்சைக் கிட்டங்கிகள் நிறைந்த ஊர். ஒவ்வொன்றின் நெற்றியிலும் நீளமாகப் பெயர் வேண்டும். ஏணிகளின் மேல் பலகை போட்டு அண்ணனை இடது கோடியிலும் தம்பியை வலது கோடியிலும் ஏற்றிவிடுவாராம். ஆரின் முதல் எழுத்திலிருந்து எழுதிக்கொண்டு வருவார். லைல் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டு வருவான். இருவரும் நடுவில் சந்திக்க வேண்டும். நடுவில் இடம் மிஞ்சினாலும் போதாமல் போனாலும் திட்டு தம்பிக்குத்தான்.

"உன் எழுத்துங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லையாடா?" என்பாராம் அப்பா.

இதையெல்லாம் அவர் என்னிடம் ஒரே மூச்சில் சொன்னதில்லை. வீடு திரும்பும் டிராமில் கொஞ்ச தூரம் நாங்கள் ஒன்றாகப் போவோம். ஏதாவது ஒரு பலகையைப் பார்த்து முகம் சுளிப்பார். அதிலிருந்து ஒரு வரி வரும். ஒருமுறை ஒரு மருந்துக்கடைப் பலகையை நின்று பார்க்க வேண்டும் என்று நடுவழியில் இறங்கிப் போய்விட்டார். மறுநாள், "அவன் எழுதினதோன்னு பார்த்தேன். இல்ல" என்றார்.

சண்டை வந்த கதையைத் தெல்மா சொன்னாள். போருக்கு முந்தைய வருடம் எங்கள் ஸ்டுடியோவில் வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது சகோதரர்கள் இருவரும் இங்கேதான் இருந்தார்கள், பக்கத்துப் பக்கத்து மேசையில். ஆரினின் மனைவி ஐடா காசநோய் மருத்துவமனையில் இருந்தாள். சம்பளம் நின்றால் அவளுடைய படுக்கையும் போய்விடும். ஆரின் வேலைக்குப் போனார். லைல் வாசலில் மறியல் வரிசையில் நின்றான். தெல்மாவும் நின்றாள்.

"வரிசையில இருந்த அட்டையெல்லாம் லைல் எழுதினது. ஸ்டுடியோவோட நல்ல எழுத்து அந்த வருஷம் வாசலுக்கு வெளியதான் நின்னுச்சு" என்றாள். "ஒரு நாள் காலையில புது அட்டை ஒண்ணைத் தூக்கிட்டு வந்தான். 'என் அண்ணன் ஒரு கருங்காலி.' சிவப்பு எழுத்து, கறுப்பு நிழல். கோபத்துல எழுதறவன் நிழல் போடுவானா? இவன் போட்டிருந்தான். ஆரின் வந்தாரு. நின்னாரு. அடிதான் விழப்போகுதுன்னு நாங்க நினைச்சோம். அவரு அட்டையை மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சாரு. 'இடைவெளி சரியில்ல'ன்னாரு. உள்ள போயிட்டாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். லைல் மூஞ்சியை நீ பார்த்திருக்கணும். ஒரு அறை விட்டிருந்தாக்கூட அன்னிக்குச் சாயங்காலமே ஒட்டியிருப்பாங்க."

"நிஜமாவே இடைவெளி சரியில்லையா?"

"எனக்கென்னடி தெரியும். எனக்கு எல்லாம் சிவப்பாத்தான் தெரிஞ்சுது."

வேலைநிறுத்தம் முடிந்து மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். லைல் வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கத்து ஸ்டுடியோவில் சேர்ந்துகொண்டான்.

எங்கள் ஸ்டுடியோவின் நட்சத்திரம் ஒரு கூழைக்கடா. அந்தப் பக்கத்து நட்சத்திரம் முள்ளம்பன்றி. இரண்டுக்கும் ஓயாத பகை. கூழைக்கடா அலகைத் திறந்தால் உள்ளேயிருந்து பழைய பூட்ஸ், கடிகாரம், சமையல் பாத்திரம் என்று கொட்டும். கடைசியில் ஒரு கட்டு முட்கள் விழும். தியேட்டரில் எல்லோருக்கும் யாருடைய முட்கள் என்று தெரியும். அடுத்த வருடம் முள்ளம்பன்றி ஓட்டலுக்குப் போய் உணவுப் பலகையைப் பார்க்கும். 'வறுத்த கூழைக்கடா. தீர்ந்துவிட்டது, அலகு மட்டும் உண்டு' என்று இருக்கும். இரண்டு ஸ்டுடியோ கதைக்காரர்களும் வெள்ளிக்கிழமைகளில் ஒரே மதுக்கடையில் உட்கார்ந்து, அடுத்து யார் யாரை எப்படி வாரலாம் என்று பேசிக்கொள்வார்கள். வக்கீல்கள் ஒரே ஒரு கோடு போட்டிருந்தார்கள்: முள் காட்டலாம், அலகு காட்டலாம், முகம் காட்டக் கூடாது. அதனால் ஒருவரை ஒருவர் இவ்வளவு கிண்டல் செய்தும் அந்த இரண்டு பிராணிகளும் ஒரே சட்டகத்துக்குள் நின்றதே இல்லை.

இந்தக் கூத்தில் கடைப் பலகையில் ஆரின் என்றோ லைல் என்றோ ஒரு பெயர் வந்தால் யாரும் தடுக்கவில்லை. அதுவும் விளையாட்டின் பகுதி என்று நினைத்தார்கள். முதலில் ஆரின்தான் ஒரு வண்டியின் பக்கவாட்டில், 'லைல் பெயர்ப்பலகைகள்: இடைவெளிக்குத் தனிக் கட்டணம்' என்று எழுதினார். அதற்குப் பதிலாகத்தான் நான் பார்த்த ஷூ பாலிஷ் கடை வந்தது. நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியிருந்தது.

எங்கள் வேலை அப்படி. இன்று எழுதிய பலகை நாளைக்குத் திரைக்கு வராது. வரைந்து, மை கட்டி, வண்ணம் பூசி, கேமரா அறையில் காத்திருந்து, கலர் பிரதி போடும் கூடத்தில் வரிசையில் நின்று, தியேட்டருக்குப் போய்ச் சேர ஒரு வருடமாவது ஆகும். சில படங்களுக்கு ஒன்றரை வருடம். மற்றவன் அதைப் பார்த்துவிட்டு எழுதும் பதில் வர இன்னொரு வருடம். ஆரின் தன் பக்கத்துப் பதிலை எப்போதும் தயாராக வைத்திருப்பார். ஆனால் தம்பி என்ன எழுதினான் என்று போய்ப் பார்க்க மாட்டார். அந்தப் படத்துக்கு நான் டிக்கெட் எடுப்பதா என்ற வீம்பு. யாராவது பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அந்த வேலை என்னுடையதாயிற்று.

ஒரு நாள் வண்ண எண் கேட்க அவர் அறைக்குப் போனேன். மேசையில் ஒரு தாள் முழுக்க 'ஆர்' எழுத்து. எல்லாம் கால் உதைத்த 'ஆர்'.

"எனக்கு வரவே மாட்டேங்குது" என்றார். "அவன் ஒரே இழுப்புல இழுப்பான். கை மணிக்கட்டுல இருந்து வராது, தோள்ல இருந்து வரும். எனக்கு நடுங்குது."

"நீங்க எழுதறதும் நல்லாத்தானே இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. அவன் எழுதினது மாதிரி இல்ல."

அடுத்த குளிர்காலத்தில் அவர்களுடைய அம்மா ஃபிரெஸ்னோவில் இறந்துபோனாள். ஆரின் நான்கு நாள் விடுப்பில் போய் வந்தார். டிராமில் நானாகக் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"குழிக்கு இந்தப் பக்கம் நான் நின்னேன். அந்தப் பக்கம் அவன் நின்னான். தலை நரைச்சுப் போச்சு."

"பேசினாரா?"

"இல்ல. பூ வளையம் கொண்டுவந்திருந்தான். அதுல ரிப்பன். அம்மா பேரை அவனே எழுதியிருந்தான். பட்டுத் துணில எழுதறது கஷ்டம்மா, மை ஓடிடும். இடைவெளி ஒரு மயிரிழை பிசகல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அன்னிக்கு அட்டையிலயும் பிசகல. எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல. அப்பா சொல்றதை எடுத்துச் சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகுதான் அந்தப் பலகையை எழுதினார். கூழைக்கடா ஒரு தெருவில் தொப்பியைத் துரத்திக்கொண்டு ஓடும் படம். ஓடுகிற தெருவில் ஒரு கடை: 'ஹாஸ்கெட் சகோதரர்கள், பெயர்ப்பலகை எழுதுபவர்கள். இடைவெளி எப்போதும் சரியாகத்தான் இருந்தது.'

டைரக்டர் எங்கள் கூடத்து வாசலில் வைத்தே அவரை மடக்கினார். "ஆரின், இதுல எங்கய்யா சிரிப்பு?"

"சிரிக்கிறவங்க சிரிப்பாங்க."

"எனக்கு வரலையே."

"உங்களுக்குத் தம்பி இல்ல."

அந்த இடத்தில் கூழைக்கடா மூச்சு வாங்க நிற்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் காட்சியின் தாள்கள் என் மேசைக்கும் வந்தன. ஒரு மணிக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். அலகு கடைசி வார்த்தையை மறைத்துவிடுமோ என்ற பயம்.

"அலகு எதையாவது மறைக்கத்தான் செய்யும்" என்றாள் தெல்மா. "மறைக்காம நிக்கணும்னா அதைப் பக்கத்து ஊர்ல போய் நிக்கச் சொல்லணும். போங்க, போய் உங்க வேலையைப் பாருங்க."

ஆனால் அவளே கேமரா அறைக்குப் போய், தாள்களை அடுக்கிப் பார்த்து, மறைக்கவில்லை என்று வந்து சொன்னாள்.

பிறகு காத்திருப்பு. அந்த ஒரு வருடமும் ஆரின் நன்றாக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஐடா உடல் தேறி, கொஞ்சம் சதை போட்டிருந்தாள். இறைச்சி ரொட்டியை வெட்டிக்கொண்டே அவரைப் பார்த்து, "ஃபோன் எதுக்கு வீட்டுல வாங்கி வச்சிருக்கோம்னு இந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

"ஃபோன்ல என்னத்தைப் பேசறது?"

"அம்மாவைப் புதைச்சோம், இனிமேலாவது பேசலாமான்னு பேசறது."

"அவன் எடுத்தான்னா?"

"எடுக்கறதுக்குத்தான் அடிக்கறது." என் பக்கம் திரும்பினாள். "அந்த மலை என்ன பெரிய ஆல்ப்ஸா? டிராம் ஏறினா ஒரு சிகரெட் பிடிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தப் பக்கம். இவருக்கு ஒரு வாக்கியம் சொல்ல அம்பது பேர் படம் வரையணும்."

"நீ சொல்லேன் அவன்கிட்ட."

"நடுவுல என்னை இழுக்காதீங்க. நான் படுக்கையில கிடந்தப்ப வாரா வாரம் வந்து பார்த்தவன் அவன். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, நானும் சொல்லல. ரெண்டு பேருக்கும் கடவுள் வாய் குடுத்திருக்காரு."

ஆரின் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "நீ பாரு, அவன் கட்டாயம் பார்ப்பான். கார்ட்டூன் முடிஞ்சதும் பெரிய படத்தைப் பார்க்காம எழுந்து போற ஆளு அவன்" என்றார்.

படம் வசந்தத்தில் வெளியானது. நான் போய்ப் பார்த்தேன். கூழைக்கடா நின்றது, மூச்சு வாங்கியது, பலகை முழுசாகத் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஆரினிடம் வந்து அப்படியே சொன்னேன். "சிரிக்க வேண்டாம், தெரிஞ்சா போதும்" என்றார்.

அதற்குச் சில வாரம் கழித்து பிராட்வேயில் புதிய முள்ளம்பன்றிப் படம் வந்தது. பேய்க் கதை. முள்ளம்பன்றி பயந்துபோய்க் கல்லறைத் தோட்டத்தில் ஒளியும். அது ஒளியும் கல்லின் மேல் எழுத்து இருந்தது. நான் படித்தேன். அரங்கத்தில் சிலர் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை அவர் படிக்கட்டுக்கு வந்தபோது வழக்கமான கேள்விகளைக் கேட்கவில்லை. "வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"வந்துச்சு."

"சொல்லும்மா."

"'இங்கே உறங்குகிறார் ஆரின். வேலைக்கு ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.'"

'ஆர்' எழுத்தின் காலைப் பற்றி அவர் கேட்கவில்லை. "சரிம்மா" என்றார். இன்னொரு தடவையும் "சரிம்மா" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் படங்களின் தெருக்கள் மாறின. ரொட்டிக் கடையில் 'ரொட்டிக் கடை' என்று இருந்தது. வங்கியில் 'வங்கி' என்று இருந்தது. பெயரே கிடையாது. எழுத்து அழகாகத்தான் இருந்தது, ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். கதைக்காரர்களில் ஒருவர், "ஆரின், நம்ம கூழைக்கடா எந்த ஊர்லய்யா குடியிருக்கு? கடைக்காரங்க எல்லாம் ஓடிப்போயிட்டாங்களா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"ரொட்டி விக்கிற கடை. ரொட்டிக் கடைன்னு எழுதியிருக்கேன்."

"முன்னெல்லாம் ஒரு பேரு போடுவீங்க."

"படிக்க ஆள் இல்ல."

கோடை போய்க் குளிர் வந்தது. படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேமரா அறைக்குப் போயின. அவர் டிராமில் பலகைகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பத்திரிகை படிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு மொழி இருந்தும் ஒன்றிலும் ஆறுதல் வார்த்தை வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை எங்கள் கூழைக்கடாப் படத்துக்கு அழைத்துப்போனேன். குளக்கரைக் காட்சி வந்தது. கூழைக்கடாவின் கால்கள் தண்ணீரில் இறங்கின. அவை போன வருடக் கோடையில், ஓரம் கசியாமல் பார்த்துப் பார்த்து நான் பூசிய கால்கள். அம்மாவிடம் காதில் சொன்னேன். "இதையா? இதை நீ அப்பவே முடிச்சுட்டேன்னியே, எப்பவோ" என்றாள். "ஆமாம்மா, வர இவ்வளவு நாளாகும்" என்றேன். சொன்ன பிறகு எனக்குப் படத்தில் மனம் போகவில்லை. என்னுடைய கால்கள் திரைக்கு வர இவ்வளவு நாளாகும் என்றால், அந்தக் கல்லறைக் கல் வரவும் அவ்வளவு நாளாகியிருக்கும்.

மறுநாள் படிக்கட்டுவரை காத்திருக்க முடியவில்லை. காலையிலேயே அவர் அறைக்குப் போனேன். அவர் ஒரு டப்பாவின் மேல் 'மாவு' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் ஹாஸ்கெட், அந்தக் கல்லறை உங்களுக்குப் பதில் இல்ல."

தூரிகை நிற்கவில்லை. "எந்தக் கல்லறை?"

"முள்ளம்பன்றிப் படத்துல வந்தது. நம்ம படம் வந்து சில வாரத்துல அது வந்துச்சு. சில வாரத்துல யாராலயும் ஒரு படம் எடுக்க முடியாது. அவர் அதை எழுதினப்ப உங்க கடைப் பலகை கேமராவுக்கே போயிருக்காது. அவர் பழைய சண்டை நினைப்புலதான் அதை எழுதியிருக்காரு. புதுசை அப்ப அவர் பார்க்கவே இல்ல."

வாழ்க்கையில் நான் ஒரே நேரத்தில் அவ்வளவு பேசியதில்லை. அவர் தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் போட்டார்.

"எனக்குத் தெரியாதா? இதே வேலையில தலை நரைச்சவன் நான்." துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "தெரிஞ்சிருக்கணும். ஒரு குழந்தை கூட நாளை எண்ணிப் பார்த்துச் சொல்லியிருக்கும். பதில் வேணும், பதில் வேணும்னு இருந்தேன். முதல்ல வந்ததைப் பதில்னு எடுத்துக்கிட்டேன்."

"அப்ப இனிமேதான் வரும்."

"இனிமேதான் வரும்" என்று அவரும் சொன்னார். முகம் தெளிந்தது. அடுத்த நொடி, மாவு டப்பாவின் மேல் கண் போனது. அங்கிருந்து உலர்வதற்காகத் தட்டுகளில் அடுக்கியிருந்த தாள்களுக்குப் போனது. ரொட்டிக் கடை, வங்கி, தபால் நிலையம்.

"இது மாதிரி எத்தனை படத்துல போயிருக்கு?"

"அஞ்சு இருக்கும். ஆறு கூட இருக்கலாம்."

"எல்லாம் கேமராவுக்குப் போயாச்சு."

"இப்ப இங்க இருக்கிற படம் மட்டும்தான் போகல."

"முதல்ல சகோதரர்கள்னு ஒரு கடை வந்துச்சு" என்றார் மெதுவாக. "அதுக்கப்புறம் ஒண்ணுமே வராது. ரெண்டு மாசத்துக்கு ஒரு படம் வரும், ஒவ்வொண்ணுலயும் ஒண்ணும் இருக்காது. அவன் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையா படிப்பான்."

அவர் டைரக்டரிடம் போனார். கதவு திறந்திருந்ததால் கூடம் முழுக்கக் கேட்டது.

"ரொட்டிக் கடைக்கு ரொட்டிக் கடைன்னு போட்டிருக்கு. அதுல என்னய்யா தப்பு?"

"எழுத்து தப்பில்ல. பலகையை மாத்தணும்."

"எடுத்து, கழுவி, லேபுக்கும் அனுப்பியாச்சு. ஒரு ரொட்டிக் கடைக்காக நான் தெருவையே மறுபடியும் படம் பிடிக்கணுமா? என்ன ஆச்சு உங்களுக்கு?"

ஆரின் திரும்பி வந்தார். யாரையும் பார்க்காமல் தன் அறைக்குள் போனார். தெல்மா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். அவள் வழக்கம்போல் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "அட கடவுளே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையிலிருந்த வண்ணக் கிண்ணத்தை வெறுமனே கலக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு ஃபோனை எடுத்தாராம். ஐடாதான் பிறகு சொன்னாள். ஆபரேட்டரிடம் லைலின் எண்ணைச் சொல்லி, அந்தப் பக்கம் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். யாரோ எடுத்து, "ஹலோ?" என்றிருக்கிறார்கள். அது லைல்தான். இவர் வைத்துவிட்டார். "குரல் அப்பா குரல் மாதிரியே ஆயிடுச்சு" என்றாராம்.

ஜனவரியில், ஒவ்வொரு வருடமும் போல, படங்களுக்கு இடையே வேலை குறைந்தது. கடைசியாகச் சேர்ந்தவர்களை நிறுத்தினார்கள். இந்த முறை அதில் நானும் ஒருத்தி. தெல்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் வண்ணம் பூச ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னாள்.

"கையுறையை எடுத்துட்டுப் போ. அங்க குடுக்கிறது ஓட்டை. முள்ளம்பன்றிக்குப் பழுப்புல ஏழு சாயல் வரும், கண்ணு போயிடும். என்னைத் திட்டிக்கிட்டே பூசு."

கடைசி நாள் வேலை முடிந்து நான் டிராம் நிறுத்தத்தில் நின்றேன். வெயில் இன்னும் இருந்தது. ஆரின் தொப்பியில்லாமல் தெருவைக் கடந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"அங்கதான் போறியாமே."

"ஆமா. திங்கட்கிழமையிலேர்ந்து."

"அவன் அறை வண்ணக் கூடத்துக்குப் பக்கத்துலதான் இருக்கும். எல்லா ஸ்டுடியோவிலயும் அப்படித்தான் கட்டுவாங்க."

"இருக்கும்."

அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தம்பியின் மேசையில் இப்போது என்ன எழுத்து காய்கிறது என்று பார்த்து, அது திரைக்கு வரும்வரை காத்திருக்காமல், அவரிடம் வந்து சொல்ல வேண்டும். செய்வதாக மனதுக்குள் முடிவும் செய்துவிட்டேன்.

"அவர் என்ன எழுதறாருன்னு பார்த்துச் சொல்றேன், மிஸ்டர் ஹாஸ்கெட்."

"அது வேணாம்மா. அவன் எனக்கு எழுதறது எப்ப வருமோ அப்ப வரட்டும், இந்தத் தடவை நானே டிக்கெட் எடுத்துப் போய்ப் படிச்சுக்கறேன்." டிராம் வந்து நின்றது. நான் படியில் ஏறினேன். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார், ஓட்டுநர் மணி அடித்தும் விடவில்லை. "இந்த வருஷம் முழுக்க எங்க படத்துல வெறும் ரொட்டிக் கடையும் வெறும் வங்கியும்தான் வரும். நான் மனசு மாறிட்டேன்னு நினைச்சுப்பான். அதுல எதையும் நம்ப வேணாம்னு என் தம்பிகிட்டச் சொல்றியா?"